கப்பலில் வந்த விடைகள்

1

நான் கப்பல் ஏறி அந்தமானுக்கு வந்து இந்த மாதத்தோடு முப்பத்தைந்து வருஷம் முடிகிறது. வருஷா வருஷம் இதே மாதத்தில் ஊர்க்காரர்களுக்காக இரண்டு பக்கம் எழுதி அனுப்புவது வழக்கம். மழை, குழாயில் தண்ணீர் வராத நாள், மேன்லண்ட் போகக் கப்பல் டிக்கெட்டுக்கு நின்ற வரிசை என்று எதையாவது எழுதுவேன். அருப்புக்கோட்டையில் இருக்கும் என் மச்சினன் அதைப் படித்துவிட்டு, "மச்சான் ஃபாரின்ல ரொம்பத்தான் கஷ்டப்படுறாரு" என்று சிரிப்பான். இது ஃபாரின் இல்லையடா, இந்தியாதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இந்த வருஷம் என் கஷ்டத்தை எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது என்மேல் கோபம் வந்தால் அது நியாயம்தான்.

கிளப்பிவிட்டது என் மகள் கவிதா. அவள் பூனாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை ராகுல் இந்திக்காரர். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் ஃபோனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் டிவியில் வந்த ஒரு சொல் விளையாட்டு. யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுப் பரணில் கிடந்த கேசட்டுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறார். சினிமாக்காரர்கள் ஜோடி ஜோடியாக வந்து உட்காருவார்கள். ஒருவர் கையில் அட்டை, அட்டையில் ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொல்லாமல் ஒற்றை ஒற்றைச் சொல்லாகக் குறிப்புக் கொடுக்க வேண்டும், கூட்டாளி கண்டுபிடிக்க வேண்டும். மணி அடித்த பிறகுதான் அட்டையைத் திருப்பி நமக்குக் காட்டுவார்கள்.

கூடவே குரலும் அனுப்பியிருந்தாள். "அப்பா, உங்க ஷோ! நீங்கதானே சாம்பியன்? சண்டே வீடியோ கால்ல எல்லாரும் விளையாடலாம். ராகுல்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், என் அப்பா ஏக்தம் ஜீனியஸ்னு."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வசந்தாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

2

அந்தக் காலத்தில் நான் ஹேடோ வார்ஃபில், அதாவது கப்பல் துறையில், டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளையும் பெட்டிகளையும் சரக்குச் சீட்டோடு ஒத்துப் பார்ப்பது வேலை. சென்னைக் கப்பல் கரைக்கு வந்து நின்றதும் முதலில் ஏறுகிற நாலைந்து பேரில் நானும் ஒருவன். குடியிருப்பும் அங்கேயே குவார்ட்டர்ஸில்.

அப்போது எங்கள் டிவியில் தமிழ் வராது. கப்பலில் ஸ்டூவர்டாக இருந்த பாண்டியன் என்பவனுடைய மச்சான் பெரம்பூரில் ஞாயிறுதோறும் இந்த நிகழ்ச்சியைப் பதிந்து வைப்பார். இரண்டு மூன்று வாரத்து நிகழ்ச்சி சேர்ந்ததும் கேசட், பாண்டியனின் பெட்டியில் ஏறிவிடும். அவன் அதை என் கையில் கொடுப்பான். நான் மொய்தீன் பாயிடம் சேர்க்க வேண்டும்.

மொய்தீன் பாய் அபர்தீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், கீழக்கரைக்காரர். பெரிய டிவியும் வீசிஆரும் அவர் வீட்டில்தான் இருந்தன. ஞாயிறு மத்தியானம் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் அங்கே கூடிவிடும். ஒவ்வொரு குறிப்புக்கும் பாய் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்துவார். கண்டுபிடித்தவர் சொல்லலாம். சிலேட்டில் சாக்பீஸால் மார்க் ஏறும்.

அங்கே ஒரே ஒரு சட்டம். நாங்கள் பார்ப்பதெல்லாம் சென்னையில் பழைய சோறு. அதனால் புதிதாகக் கப்பலில் வந்திறங்கியவர் யாராக இருந்தாலும், அவர் அங்கேயே பார்த்திருப்பார் என்பதால், வாயைத் திறக்கக் கூடாது. "கப்பல்ல வந்தவுக வாய்க்குப் பூட்டு" என்பார் பாய். ஒருமுறை தங்கையின் பிரசவத்துக்காக வந்திருந்த ஒருவர், ஒரு குறிப்பு வந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு விடை தெரியும். மூஞ்சில தெரிஞ்சுரும்" என்றார். அவ்வளவு கட்டுப்பாடு.

அந்தச் சட்டத்தை மீறியவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

3

முதல் தடவை வெறும் ஆசையில் பார்த்தேன். ஜங்கிலிகாட்டில் தாஸ் பாபு என்ற வங்காளி, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கேசட்டை எடுத்துப்போய், "தாதா, டீக் சல்தா ஹை க்யா, ஜரா தேக்கோ" என்று, சரியாக ஓடுகிறதா பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். கேசட் நன்றாகத்தான் ஓடியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். தாஸ் பாபுவுக்குத் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது.

அந்த ஞாயிறு டிவியில் நடிகை "இடுப்பு" என்றார். பாய் நிறுத்தினார். ஆளுக்கு ஆள் ஒட்டியாணம், குடம், குழந்தை என்றார்கள். நான் மெதுவாக, "சாவி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த குறிப்பு "மாமியார்". சிரிப்பு அடங்கியது. மூன்றாவது "கொத்து". அப்போதும் ஒருத்தர் கறிவேப்பிலை என்றார். மணி அடித்து அட்டையைத் திருப்பினால், சாவி. பாய் எழுந்துவந்து என் தோளைத் தட்டினார். "என்னா மூள தம்பி உங்களுக்கு! ஒத்தக் குறிப்புல புடிச்சிட்டீங்களே."

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டு வருஷம், ஒவ்வொரு கேசட்டும் முதலில் ஜங்கிலிகாட் போய்விட்டுத்தான் பாய் வீட்டுக்குப் போனது. டாலி கிளார்க் புத்தி, பத்தில் இரண்டை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுவேன். எல்லாம் சரியாக இருந்தால்தான் சந்தேகம் வரும்.

ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். வசந்தா ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு எனக்குக் கழுத்தை நீட்டியவள். குவார்ட்டர்ஸில் யாருக்கு ஊருக்கு லெட்டர் எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைத் தாண்டி, அவளைத்தான் கேட்பார்கள். நான் தொடங்குவதற்கு முன் பாய் வீட்டுச் சிலேட்டில் முதல் பெயரும் அவளுடையதுதான். எனக்குப் பொறாமை. அதைப் பொறாமை என்று ஒத்துக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கவிதாவுக்கு அப்போது நாலு வயது. ஒரு நாள் "கோயில்" என்றதும் அவள் துள்ளிக் குதித்து "ஹாத்தி!" என்று கத்தினாள். விடை யானைதான். "பாஷ வேறயா இருந்தா என்னா, புள்ள சொன்னது சரிதானே, மார்க்கப் போடுங்க" என்றார் பாய். தமிழில் சொன்னால்தான் மார்க் என்று நான் மறித்தேன். பெரிய தமிழ்க் காவலன்! குழந்தை மூஞ்சி சுண்டிப்போய் வெளியே விளையாடப் போனது. அப்புறம் எங்களோடு வந்து உட்காரவே இல்லை. இன்றைக்கு அவள் "கானா சாப்பிட்டாச்சு" என்று இந்தி கலந்து பேசும்போது ஊர்க்காரர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். நான் யாரைக் குறை சொல்ல?

4

அதே வருஷம் வடக்கே தூரத்தில் இருக்கும் மாயாபந்தரில் ஒரு பள்ளிக்குத் தமிழ் டீச்சர் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. வசந்தா ஆசைப்பட்டாள். நானும் உதவினேன், அதில் பொய் இல்லை. இருப்பிடச் சான்றுக்காகத் தாசில்தார் ஆபீசுக்கு நாலு நடை நடந்தேன். ஃபாரம் இந்தியில். அங்கே இருந்த வங்காளி கிளார்க் அவளை 'பசந்தா' என்று எழுதிவிட்டார். வசந்தாவும் பசந்தாவும் ஒரே பெண்தான் என்று வக்கீலிடம் சத்தியப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு போனால், ஹெட் கிளார்க் பாபு டீ குடிக்கப் போயிருந்தார். இரண்டு நாள் கழித்து வந்து முத்திரை குத்தினார். இன்டர்வியூ லெட்டரும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. திங்கட்கிழமை காலை போட்டில் கிளம்ப வேண்டும். அவள் நாலு சேலையை மடித்துப் பையில் வைத்திருந்தாள்.

முந்தின நாள் ஞாயிறு. வழக்கம்போலப் பாய் வீடு. ஏழு வார்த்தைகளில் நான் ஆறு சொன்னேன். வசந்தாவுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு தடவை, "கிணறு", "கயிறு" என்று வந்தபோது அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன். அவளுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. "ராட்டினம்" என்று முந்திக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் எனக்கு முன்னால் வேகமாகப் போனாள். கதவைத் திறந்ததும் பையிலிருந்து சேலைகளை எடுத்து வெளியே வைத்தாள்.

"நான் போகலைங்க."

"ஏன், என்னாச்சு?"

"டிவியில ஒரு வார்த்தை கண்டுபிடிக்கத் துப்பில்ல எனக்கு. பத்தாவது படிச்ச நீங்க பட்டு பட்டுன்னு சொல்றீக. ரெண்டு வருசமாப் பாக்குறேன், என் தமிழ் அம்புட்டுத்தான். அங்க போயி பெரிய ஆளுக முன்னால உக்காந்து என்னத்தச் சொல்ல? பிள்ளைக சிரிக்கும்."

அப்போது ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. நான் சொன்னது வேறு.

"அது உன் இஷ்டம்" என்றேன்.

அவள் போகாதது எனக்கு வசதியாகவும் இருந்தது. வேலை கிடைத்தால் அவள் மாயாபந்தரில், நான் இங்கே. குழந்தையை யார் பார்ப்பது, சோறு யார் பொங்குவது என்றெல்லாம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை போட் கிளம்பியபோது நான் டியூட்டியில் இருந்தேன்.

5

இனி இப்போதைய கதை. ஓய்வு பெற்றபின் பத்துபஸ்தியில் சின்ன வீடு கட்டிக்கொண்டு இருக்கிறோம். ஏர்போர்ட் பக்கம். ஃபோனில் பேசும்போது தலைக்குமேல் விமானம் போனால் அது போய் முடிகிறவரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

கவிதா சொன்னபடி ஞாயிறு மத்தியானம் வீடியோ கால். ராகுல் மாப்பிள்ளையும் கை கட்டி உட்கார்ந்திருந்தார். கவிதா படத்தை ஓட்டினாள். "விறகு" என்றார் அந்தக் கால நடிகர். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. முப்பது வருஷம் யார் ஞாபகம் வைத்திருப்பார்? "மூச்சு" என்று இரண்டாவது குறிப்பு வந்தது. பக்கத்தில் வசந்தாவின் உதடு அசைந்தது. சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் திருதிருவென்று விழித்தேன். அவள் குனிந்து காதோடு, "ஊதுகுழல்" என்றாள். நானும் வெட்கமில்லாமல் அதை உரக்கச் சொன்னேன். பூனாவில் கை தட்டினார்கள்.

மூன்று ஞாயிறு இப்படியே போனது. எல்லாமே அவள் சொல்லித்தான். இரண்டாவது குறிப்புக்குமேல் அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை. சிலது முதல் குறிப்பிலேயே. அறுபது வயதில் அவ்வளவு கூர்மை. அவ்வளவையும் முந்தானைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டு, நான் சொல்லட்டும் என்று என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

நாலாவது வாரம் அவள் வேறு மாதிரி முடிவுக்கு வந்துவிட்டாள். எனக்கு மறதி நோய்!

"அந்தக் காலத்துல ஒத்தக் குறிப்புல சொல்வீக. இப்ப ஒண்ணுமே வரமாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். கவிதாவிடமும் ஃபோனில் அழுதிருக்கிறாள். அவள் உடனே, "அம்மா, பூனா கூட்டிட்டு வாங்க, இங்க பெரிய டாக்டர் இருக்காங்க" என்று விமான டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

6

முதலில் இங்கே காட்டலாம் என்று மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். நானும் போனேன், கோழை. ஓபிடி சீட்டுக்கு முக்கால் மணி நேர வரிசை. டாக்டர் சின்ன வயதுப் பெண். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள், இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று இந்தியில் கேட்டாள். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னேன்.

"ஆன்ட்டி, யே தோ பில்குல் டீக் ஹை" என்றாள் டாக்டர். எனக்கு ஒரு குறையும் இல்லையாம்.

வசந்தா விடவில்லை. முப்பத்துநாலு வருஷமாகியும் அவளுக்கு இந்தியில் ஆண்பால் பெண்பால் பிடிபடவில்லை. "நஹி மேடம், பஹலே யே பஹுத் ஹோஷியார் தீ. ஏக் வர்ட் சுன்கே போல்தீ தீ" என்று, முன்பெல்லாம் நான் ஒரே வார்த்தையைக் கேட்டுச் சொல்லிவிடும் கெட்டிக்காரன் என்பதை, என்னைப் பெண்ணாக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் சிரிப்பை அடக்கினாள். வசந்தாவுக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. இவ்வளவு அறிவாளியான மனுஷன் இப்படி ஆகிவிட்டாரே என்று அவள் அழுகிறாள். எனக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வசந்தா, எனக்கு மறதி இல்ல. நான் எப்பவுமே கண்டுபிடிச்சது கிடையாது. கேசட்டை முன்னாடியே பாத்துட்டு வந்துதான் சொன்னேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. தாஸ் பாபு கடையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் கையிலிருந்த ஓபிடி சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாமா?"

"எல்லாமே. தப்பாச் சொன்னதுகூடத் தெரிஞ்சுதான் சொன்னேன்."

"நான் மாயாபந்தர் கிளம்ப இருந்தேனே. அதுக்கு முந்தின நாளுமா?"

"அன்னைக்கும்தான்."

எதிர் பெஞ்சில் ஒரு தெலுங்குக்காரக் குடும்பம் பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வசந்தா சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

"ஆட்டோ நிக்குது. வாங்க" என்றாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், நிஜமாகவே ஆசைப்பட்டேன். திட்டவில்லை. நேரத்துக்குச் சோறு வந்தது, மாத்திரை வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

7

மூன்றாம் நாள் காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள்.

"மாயாபந்தர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டு வாங்க."

"சரி. எந்த நாளைக்கு? ரெண்டு பேரும் சேந்து…"

"ஒண்ணு போதும்."

இத்தனை வருஷத்தில் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லோரையும் நான் வடக்கே மாயாபந்தர்ப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கிளம்புகிற நேரத்தில் அவளுக்குத் தலைவலி வரும், இல்லாவிட்டால் வீட்டில் ஏதாவது வேலை வரும். நான் அதை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. மொய்தீன் பாய் இன்று இல்லை. அவர் மகள் மாயாபந்தரில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறாள். இரண்டு நாள் அவளோடு தங்கிக்கொள்வதாக வசந்தா சொன்னாள். பஸ் ஸ்டாண்ட் கவுண்டரில் அவளுடைய அடையாள அட்டையைக் காட்டி ஒரு டிக்கெட் வாங்கினேன்.

விடிவதற்கு முன்பே பஸ். பையை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியில் சாப்பிட நாலு சப்பாத்தி செய்து வைத்திருந்தாள். ஜன்னலோர இடம். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். "கேஸை மூடிட்டுப் படுங்க" என்றாள்.

அன்று பூராவும் வீட்டில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து நடக்கவும் முடியவில்லை. சாயங்காலம் ஃபோன் அடித்தது. வசந்தா என்று ஓடி எடுத்தேன். கவிதா.

"அப்பா, அம்மா ஒரு ஸ்கூல் கேட் முன்னாடி நின்னு ஃபோட்டோ அனுப்பிருக்காங்க. நல்லா சிரிச்சிட்டு இருக்காங்க. பாத்தீங்களா?"

எனக்கு எதுவும் வரவில்லை என்றேன்.

"அம்மாவுக்கு அங்க டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ லெட்டர் வந்துச்சாமே. எனக்குத் தெரியவே தெரியாது. ஏன் போகலம்மான்னு கேட்டேன். உங்க அப்பாகிட்ட கேளுன்னு சொல்லி வச்சிட்டாங்க. க்யோன் நஹி கயீ, அப்பா?"

பஸ்ஸில் உட்கார்ந்த பத்து மணி நேரத்தில் அவள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. எனக்குச் சாக்குகள் வரிசையாக நாக்குக்கு வந்தன. நீ சின்னப் பிள்ளை. தூரம். தனியாக அங்கே எப்படி இருப்பாள்? அத்தனையும் உண்மைதான், ஆனால் அவள் போகாததற்குக் காரணம் அதில் எதுவும் இல்லை.

"நான்தாம்மா காரணம். அவளை நான் ஏமாத்துனேன்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குமேல் ஒரு விமானம் தாழப் பறந்து போனது. கவிதா, "ஹலோ? க்யா? ஒண்ணுமே கேக்கலப்பா. திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

சத்தம் முழுக்க அடங்குகிறவரை காத்திருந்து, திரும்பச் சொன்னேன்.